பெரியம்மாவின் பிளேயரில் ஓட வேண்டிய வட்டு: டிவிடி ஸ்டைலர் மென்பொருளைப் பயன்படுத்திய அனுபவம்

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணம் 1997-இல் நடந்தது. அன்று எடுத்த விஎச்எஸ் கேசட் பெரியம்மா வீட்டுப் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. பெரியப்பா இப்போது இல்லை. சென்ற ஆண்டு அந்தக் கேசட்டை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கி வந்தோம். வண்ணப் படம் அச்சிட்ட உறையோடு வந்த அந்த வட்டைப் பிளேயரில் போட்டால், தட்டு உள்ளே போனது, இரண்டு மூன்று முறை சுழலும் ஓசை கேட்டது, பிறகு வட்டைப் படிக்க முடியவில்லை என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு பெரியம்மா கால் மணி நேரம் காத்திருந்தார். வீட்டுக்கு எடுத்து வந்து கணினியில் திறந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. வட்டுக்குள் ஒரே ஒரு எம்பி4 கோப்பு இருந்தது.

ஸ்டூடியோக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய கணினியில் அது ஓடியிருக்கும். அண்மையில் வந்த பிளேயர்கள் சிலவற்றிலும் ஓடக்கூடும். ஆனால் வெற்று டிவிடியில் ஒரு கோப்பை நகலெடுத்து வைப்பதும், வீட்டுப் பிளேயர் அறிந்த முறைப்படி டிவிடி வீடியோ தயாரிப்பதும் வேறு வேறு வேலைகள். இந்த வேறுபாடு தெரியாததால், எத்தனையோ வீடுகளில் கல்யாண வட்டுகள் ஓடாமல் அலமாரியில் கிடக்கின்றன.

1996-இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி பிளேயர்கள் எந்த விதிகளின்படி வட்டைப் படித்தனவோ, அதே விதிகளைத்தான் இன்றைய சாதாரணப் பிளேயரும் எதிர்பார்க்கிறது. வட்டின் முதல் அடுக்கில் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறை இருக்க வேண்டும். படமும் ஒலியும் அதற்குள் விஓபி என்ற வகைக் கோப்புகளாக, ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மிகாமல், துண்டு துண்டாக இருக்க வேண்டும். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது, எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்ற வழிகாட்டி ஐஎஃப்ஓ கோப்புகளில் இருக்கும். அவை கெட்டுப்போனால் உதவ அவற்றின் நகல்களும் கூடவே இருக்கும். படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் வழங்கும் பிஏஎல் என்ற தொலைக்காட்சி முறையென்றால் சட்டத்தின் (ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப்படமான ஃபிரேமின்) அளவு 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டங்கள். அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் என்டிஎஸ்சி முறையென்றால் 720க்கு 480 புள்ளிகள், நொடிக்கு 29.97 சட்டங்கள். படத்துக்குச் செலவாகும் தகவலின் அளவு நொடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். இவ்வளவையும் கையால் செய்ய எந்த வீட்டிலும் ஆள் கிடையாது. அதற்காகத்தான் டிவிடி ஸ்டைலர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன.

டிவிடி ஸ்டைலர் அலெக்ஸ் தூரிங் என்பவர் உருவாக்கிய இலவசத் திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். படத்தை எம்பெக்-2 ஆக மாற்றுவதற்கு எஃப்எஃப்எம்பெக், வட்டின் அமைப்பைக் கட்டுவதற்கு டிவிடி ஆத்தர் என்று, நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கும் வேறு கருவிகளைத் தனக்குள் வைத்துக்கொண்டு, அவற்றுக்கெல்லாம் ஒரு முகப்பாக நிற்கிறது. விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் மைக்ரோசாஃப்டே ஒரு டிவிடி தயாரிப்புச் செயலியைச் சேர்த்துக் கொடுத்திருந்தது. விண்டோஸ் 8 வந்தபோது அதை நீக்கிவிட்டார்கள். அந்த இடம் அதன்பின் காலியாகவே இருக்கிறது. நான் பயன்படுத்தியது டிவிடி ஸ்டைலரின் 3.2.1 பதிப்பு, விண்டோஸ் 10 மடிக்கணினியில். மடிக்கணினியில் டிவிடி செருகும் இடம் இல்லாததால் யூஎஸ்பியில் இணைக்கும் ஒல்லியான ரைட்டர் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

கேசட்டை இன்னொரு முறை ஸ்டூடியோவுக்கு அனுப்ப மனம் வரவில்லை. நண்பர் ஒருவரிடம் இன்னும் ஓடும் நிலையில் இருந்த விசிஆரையும், யூஎஸ்பி வழியாகப் படத்தைக் கணினிக்குள் வாங்கும் சிறு கருவியையும் இரவல் பெற்று, 1 மணி 42 நிமிடப் படத்தை நானே பதிவு செய்துகொண்டேன். பேத்தியின் காதுகுத்து விழாவில் கைப்பேசியில் எடுத்த 18 நிமிடப் படத்தையும் அதே வட்டில் சேர்க்க வேண்டும் என்று பெரியம்மா கேட்டிருந்தார். ஆக மொத்தம் இரண்டு மணி நேரம்.

மென்பொருளைத் திறந்தவுடன் வரும் முதல் சாளரத்திலேயே வட்டின் பெயர், கொள்ளளவு, பிஏஎல்லா என்டிஎஸ்சியா என்பது, 4:3 திரையா 16:9 திரையா என்பது, ஒலியின் வகை எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறது. இங்கே அவசரப்படக் கூடாது. ஒரே வட்டில் பிஏஎல் படமும் என்டிஎஸ்சி படமும் கலந்து இருக்க முடியாது. கைப்பேசிப் படம் மட்டும் என்றால் நான் என்டிஎஸ்சியையே தேர்ந்திருப்பேன். கைப்பேசி நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்கள் எடுப்பதால் அது இயல்பாகப் பொருந்தும், நம் ஊரில் விற்கும் பிளேயர்களில் பெரும்பாலானவை அதையும் ஓட்டும். ஆனால் வட்டின் உயிர் அந்தக் கேசட்டில் இருந்தது, கேசட் பிஏஎல். அதனால் பிஏஎல்லையே வைத்தேன். காதுகுத்துப் படத்தில் கைப்பேசியை வேகமாகத் திருப்பிய இடங்களில், ஆறு சட்டத்துக்கு ஒன்று விடுபடுவதால், படம் லேசாகத் தட்டித் தட்டி நகர்கிறது. கூர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

திரை விகிதத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கேசட் 4:3, கைப்பேசிப் படம் 16:9. டிவிடி விதிப்படி ஒரு தொகுதிக்குள் இருக்கும் படங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். இதை அறியாமல் முதலில் இரண்டையும் ஒரே வரிசையில் போட்டுவிட்டு, பிறகு புதிய தொகுதி ஒன்றைச் சேர்த்து, காதுகுத்தை அதில் மாற்றி வைத்தேன். இந்த வசதி மென்பொருளில் இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது என்று அதுவே வந்து சொல்லாது. தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது ஒரு சின்ன அமைப்பு. விஎச்எஸ் படம் ஒவ்வொரு சட்டத்தையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதிகளாகப் பிரித்து வைத்திருக்கும். பழைய குழாய்த் தொலைக்காட்சி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து காட்டும். இரண்டில் எந்தப் பாதி முதலில் வர வேண்டும் என்பதை மாற்றிக் குறித்துவிட்டால், அசையாத காட்சிகளில் குறை எதுவும் தெரியாது. அசைவு வந்ததும் படம் ஓர் அடி முன்னே, அரை அடி பின்னே என்று துள்ளும். என் முதல் வட்டில் அப்படித்தான் ஆயிற்று. மேடையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் வரை படம் சரியாக இருந்தது. பெரியப்பா மாலையை எடுத்துப் பெரியம்மாவின் கழுத்தில் போடக் கை நீட்டியபோது அந்தக் கை நடுங்குவது போலத் தெரிந்தது, விரல்கள் சீப்புப் பல் போலக் கிழிந்தன. அந்த ஒரு காட்சிக்காகத்தானே இத்தனை பாடும். படத்தின் பண்புகள் பகுதியில் எந்தப் பாதி முதலில் என்ற இடத்தை மேல் பாதி (அதாவது, மேலிருந்து முதல் வரியில் தொடங்கும் ஒற்றைப்படை வரிகள்) என்று மாற்றி மறுபடி தயாரித்தேன். கை நிதானமாக நீண்டது, மாலை விழுந்தது. யூஎஸ்பி கருவிகளில் பெரும்பாலும் மேல் பாதி முதலில் வரும், பழைய DV (டிஜிட்டல் வீடியோ) வகை கேம்கோடர்களில் கீழ்ப் பாதி முதலில் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் மிச்சம். கணினித் திரையில் இந்தக் குறை சரியாகத் தெரிவதில்லை என்பதால், வேகமாகக் கை கால் அசையும் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் முதலில் வட்டாக்கி, எந்தத் தொலைக்காட்சியில் ஓட வேண்டுமோ அதிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது தரம். வெற்று வட்டின் மேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருப்பது ஆயிரங்களில் எண்ணிய கணக்கு. கணினி எண்ணும் கணக்கில் அது 4.37 ஜிபிதான். அதை இரண்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் நொடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும். ஒலியையும் மற்றச் செலவுகளையும் கழித்தால் படத்துக்கு 4.8 அளவில் நிற்கும். தரத்தைத் தானியங்கியாக விட்டுவிட்டால் டிவிடி ஸ்டைலர் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. எத்தனை நிமிடம் சேர்த்திருக்கிறோம், அதற்கு எவ்வளவு மெகாபிட் கிடைக்கும் என்பதைச் சாளரத்தின் அடியில் உடனுக்குடன் காட்டுகிறது. இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மணி நேரப் படம் என்றால் 8 மெகாபிட் தாராளமாக வைக்கலாம். மூன்று மணி நேரத்தை ஒரே வட்டில் திணித்தால் நொடிக்கு மூன்றரைக்கும் கீழே போய்விடும். பூத்தூவும் காட்சியெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். பழைய கேசட்டில் தெளிவு குறைவுதானே, குறைந்த மெகாபிட் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. கேசட்டில் இருக்கும் புள்ளிப் புள்ளியான இரைச்சலையும் மென்பொருள் படத்தின் நுணுக்கமாகவே எடுத்துக்கொண்டு அதற்கும் இடம் ஒதுக்குவதால், பழைய கேசட்டுக்கு அதிக மெகாபிட் வேண்டியிருக்கிறது. நீண்ட விழாவென்றால் இரண்டு வட்டாகப் பிரிப்பதே மேல்.

மெனு தயாரிக்கும் பகுதிதான் இந்த மென்பொருளின் சிறப்பு. பின்புலப் படத்தை இழுத்து வைக்கலாம், பொத்தான்களை விரும்பிய இடத்தில் நகர்த்தலாம், ஒவ்வொரு பொத்தானையும் ஒவ்வொரு அத்தியாயத்தோடு இணைக்கலாம். தமிழ் எழுத்துகளை நான் ஒரு படத் திருத்தச் செயலியில் பெரிதாக எழுதி, பெரியப்பாவின் புகைப்படத்தோடு சேர்த்து, அதையே பின்புலமாக வைத்துவிட்டேன். பொத்தான்கள் எழுத்தைச் சுற்றிய வெறும் கட்டங்கள் மட்டுமே. அதற்குக் காரணம் உண்டு. பொத்தானைத் தேர்ந்ததும் நிறம் மாறிக் காட்டும் அந்த மேலடுக்கில் டிவிடி முறை நான்கு நிறங்களுக்குமேல் அனுமதிப்பதில்லை. அந்த நான்கில் நம் எழுத்தின் வளைவுகளை வரைந்தால் ஓரமெல்லாம் படிக்கட்டுப் போல ஆகிவிடும். நேர்கோட்டுக் கட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஓரங்களையும் கவனிக்க வேண்டும். பெரியம்மா வீட்டில் இருப்பது அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி. குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் நான்கு ஓரங்களையும் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் காட்டும். முதல் வட்டில் மேல் விளிம்பை ஒட்டி எழுதியிருந்த தலைப்பு பாதி காணாமல் போனது. பக்கத்துக்குப் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு எழுதியதும் சரியாயிற்று. அதே வெட்டு கேசட் படத்துக்கு உதவியாகவும் அமைந்தது. விஎச்எஸ் படத்தின் அடியில் கிழிந்த நூல் போல ஒரு பட்டை எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும். கணினியில் பார்த்தபோது கண்ணை உறுத்திய அந்தப் பட்டை, பெரியம்மா வீட்டுத் திரையில் விளிம்புக்கு வெளியே போய் மறைந்துவிட்டது.

அத்தியாயங்களை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று மென்பொருளே வைத்துக்கொடுக்கும். அதை நான் ஏற்கவில்லை. “மால மாத்துறது எங்கடா தம்பி வருது?” என்று கேட்கும் பெரியம்மாவுக்கு ஐந்து நிமிடக் கணக்கால் பயன் இல்லை. கணபதி ஹோமம், கலச அபிஷேகம், மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, ஆசீர்வாதம், பந்தி என்று ஒவ்வொன்றும் தொடங்கும் நொடியைக் குறித்துவைத்து, அந்த இடங்களில் அத்தியாயம் பிரித்தேன். இப்போது ரிமோட்டில் அடுத்த காட்சிக்குப் போகும் பொத்தானை அழுத்தினாலே போதும், நேராக அங்கே போய் நிற்கும். இந்த வேலைக்கு ஒரு முழு மாலைப் பொழுது போயிற்று. வட்டு தயாரிக்கும் எவரும் இதைச் சோம்பல் படாமல் செய்ய வேண்டும் என்பேன். விலை கொடுத்துச் செய்து வாங்கும் வட்டுகளில் இதை நான் கண்டதே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். படத்தை வெட்டி ஒட்டும் வேலைக்கு டிவிடி ஸ்டைலர் உதவாது. தொடக்கத்தையும் முடிவையும் குறுக்கலாம், அவ்வளவுதான். நடுவில் கேமராவை அணைக்க மறந்து தரையைப் படம் பிடித்த நான்கு நிமிடங்களை வேறு செயலியில் முன்கூட்டியே நீக்கிவிட்டு வர வேண்டியிருந்தது. புளூரே வட்டு தயாரிக்க இதில் வழியில்லை. முகப்பு பழைய காலத் தோற்றம் உடையது. புதிதாக வருபவருக்கு எந்தப் பெட்டியில் எந்த அமைப்பு ஒளிந்திருக்கிறது என்று பிடிபட இரண்டு மூன்று முயற்சிகள் ஆகும். இரண்டு மணி நேரப் படத்தை மாற்றி முடிக்க என் மடிக்கணினி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. தரவிறக்கும்போது வேறு தளங்களுக்குப் போகாமல் மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவும்போது வரும் கேள்விகளைப் படிக்காமல் சம்மதம் கொடுத்துக்கொண்டே போகக் கூடாது.

வட்டில் எழுதும் வேலையையும் டிவிடி ஸ்டைலரே செய்யும். ஆனால் நான் அதை ஐஎஸ்ஓ கோப்பாக (முழு வட்டையும் ஒரே கோப்பில் அடக்கிய நகலாக) மட்டும் எடுத்துக்கொண்டு, விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் செயலியில் திறந்து மெனு, பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, இம்ஜ்பர்ன் என்ற வேறோர் இலவச மென்பொருளில் எழுதினேன். அதன் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது; இருந்தாலும் எழுதி முடித்த வட்டை மறுபடி படித்து ஐஎஸ்ஓவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் அதன் வசதிக்காகவே அதை விடாமல் வைத்திருக்கிறேன். டிவிடியின் ஒற்றை வேகம் நொடிக்கு 1.385 எம்பி. நான்கு மடங்கு வேகத்தில் முழு வட்டும் எழுத ஒரு கால் மணி நேரம், சரிபார்க்க இன்னும் கொஞ்சம். ரைட்டர் எட்டு மடங்கு வரை போகும் என்றாலும் நான் நான்கிலேயே எழுதினேன்.

வெற்று வட்டு வாங்கும்போது பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர் வகையையே கேட்டு வாங்க வேண்டும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகை ஒளியைத் திருப்பி அனுப்புவது மிகவும் குறைவு. பழைய பிளேயரின் லேசர் அதைப் படிக்கத் திணறும். இரட்டை அடுக்கு கொண்ட 8.5 ஜிபி வட்டும் வீட்டுப் பிளேயர்களில் அவ்வளவு நம்பகமானதாக இல்லை. எழுதியபின் காகித லேபிள் ஒட்டக் கூடாது. எடை ஒரு பக்கம் சாய்ந்து வட்டு ஆட்டத்தோடு சுழலும். நடுத்துளையைச் சுற்றிய ஒளி ஊடுருவும் வளையத்தில் மென்மையான பேனாவால் தேதியை எழுதினேன். வட்டில் தகவலைத் தாங்கும் படலம் ஒரு சாயம்தான் என்பதால் வெயில் படும் ஜன்னலோரம் அதற்கு ஆகாது என்று பெரியம்மாவிடம் சொல்லி, பழைய இடத்திலேயே, பட்டுப் புடவைகளுக்கு அடியிலேயே வைத்தேன்.

தொலைக்காட்சியில் யூஎஸ்பி செருகும் இடம் இருக்கிறவர்கள் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. அதே படத்தைப் பெண்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம், தெளிவும் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களில் பிளேயரை இணைத்துப் பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில்தான் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் செய்ய நினைப்பவர், இரண்டு வட்டு வீணாகும் என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொண்டு, இந்த மென்பொருளைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக எழுதிய வட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுப் பிளேயரில் போட்டேன். தட்டு உள்ளே போய்ப் பத்து நொடியில் பெரியப்பாவின் படத்தோடு மெனு வந்தது. பெரியம்மா ரிமோட்டை என்னிடம் தரவில்லை. தானே அம்புக்குறியை அழுத்தி மூன்றாவது கட்டத்துக்குப் போனார். சித்தப்பா வீட்டுக்கும், சென்னையில் இருக்கும் அக்காவுக்கும் அதே ஐஎஸ்ஓவிலிருந்து தலா ஒன்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு இடத்திலும் முதல் முறையிலேயே ஓடியது.